ஓட்டிப் பார்த்தால் சிக்காத பிழை

அம்மா கம்பைநல்லூரில் இருக்கிறார். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. குடும்ப அட்டை ஒன்றுதான். தர்மபுரி மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடுகள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் யாரும் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்றாகிவிட்டது. அதனால் அட்டைக்கு உரிய 20 கிலோ அரிசியில் 12 கிலோவை அம்மா ஊரிலேயே வாங்குகிறார், மீதி 8 கிலோவை மகன் ஓசூரில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நாளில், ஒரே நொடியில் இயந்திரத்தில் விரல் வைக்கிறார்கள்.

எங்கோ ஒரு சர்வரில் ஓடும் நிரலுக்கு இப்போது மூன்று வேலை. அட்டையில் மீதி எவ்வளவு என்று படிக்க வேண்டும், கொடுக்கும் அளவைக் கழிக்க வேண்டும், புது மீதியை எழுத வேண்டும். அம்மாவுக்காக ஒரு தடவை, மகனுக்காக ஒரு தடவை. அம்மாவின் பக்கம் 20 என்று படிக்கிறது. அது கழித்து எழுதுவதற்குள் மகனின் பக்கமும் 20 என்று படித்துவிடுகிறது. அம்மாவின் பக்கம் 8 என்று எழுதுகிறது. அடுத்த கணமே மகனின் பக்கம் 12 என்று எழுதி அதை அழித்துவிடுகிறது. அரிசி 20 கிலோவும் கடைகளை விட்டுப் போய்விட்டது, கணக்கிலோ இன்னும் 12 கிலோ பாக்கி. நிரலில் எந்த வரியும் தப்பில்லை. மாதக் கடைசியில் இருப்புச் சரிபார்க்கும்போது கணக்கு உதைத்தால், பதில் சொல்ல வேண்டியவர் கடை விற்பனையாளர்.

நம் ரேஷன் மென்பொருள் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லவில்லை. இத்தகைய கணக்குகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ்கள், இந்தக் குழப்பத்தைத் தடுப்பதற்காகவே பல பத்தாண்டுகளாகப் பண்படுத்தப்பட்டவை. ஆனால் டேட்டாபேஸுக்கு வெளியே, நிரலின் சொந்த நினைவகத்துக்குள், அந்தக் காவல் தானாக வந்து நிற்காது. அங்கே எழுதுகிறவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே எட்டு கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் எட்டுப் பகுதிகள், இருக்கின்றன. எட்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒரு நிரலுக்குள்ளேயே பல இழைகள், புரோகிராமர்கள் சொல்லும் திரெட்கள், ஒரே தகவலை ஒரே சமயத்தில் தொடுகின்றன. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும் இந்த நிலைக்கு ரேஸ் என்று பெயர்.

மேலே சொன்ன கணக்கையே இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் மும்மூன்று படிகள். அவரவர் வரிசை மாறாமல் இந்த ஆறு படிகளையும் கலந்து அடுக்க 20 வழிகள் உண்டு. அவற்றில் சரியான விடை தருபவை இரண்டே இரண்டு: அம்மாவின் வேலை முழுதாக முடிந்தபின் மகனுடையது, அல்லது மகனுடையது முடிந்தபின் அம்மாவுடையது. மற்ற 18 வழிகளிலும் கணக்கு கெடுகிறது. அப்படியானால் சோதனையிலேயே பிடிபட்டிருக்க வேண்டுமே என்று தோன்றும். பிடிபடாது. அந்த மூன்று படிகளும் முடிய ஒரு மில்லிநொடிகூட ஆகாது. சோதிப்பவர் ஆயிரம் தடவை ஓட்டினாலும் இரண்டு பக்கமும் அந்தச் சின்ன இடைவெளியில் மோதிக்கொள்ளாமலேயே போகலாம். லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தத் தொடங்கும் அன்றைக்குத்தான் மோதும். அப்போதும் தடயம் எதுவும் இருக்காது. மறுபடி ஓட்டினால் சரியாகவே ஓடும்.

படிகள் கூடக்கூட நிலைமை கைமீறிப் போகிறது. இரு பக்கமும் பத்துப் பத்துப் படிகள் என்றால் 1,84,756 வழிகள். இருபது இருபது என்றால் 13,784 கோடிக்கும் மேல். உண்மையான நிரல்களில் படிகள் லட்சக்கணக்கில். எல்லா வழிகளையும் ஓட்டிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எட்டு நொடி

இது ஏதோ கணக்குப் பிழை, அரிசி கொஞ்சம் கூடக் குறையப் போகும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் தெராக்-25 என்ற இயந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் செய்யப்பட்ட புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் அது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு பாய்ந்தது. உயிர்கள் போயின.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊர். 1986 மார்ச். இயந்திரத்தை இயக்குபவர் அனுபவசாலி, விசைப்பலகையில் கை வேகமாக ஓடும். எலெக்ட்ரான் சிகிச்சைக்கு உரிய எழுத்துக்குப் பதில் எக்ஸ்-ரேக்கு உரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் அதற்குள் நிரலின் இன்னொரு பகுதி பழைய எழுத்தை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் காந்தங்களைத் திருப்ப ஆரம்பித்திருந்தது. அந்த வேலைக்குச் சுமார் எட்டு நொடி. அந்த எட்டு நொடிக்குள் செய்த திருத்தம் அதன் கவனத்துக்கு வரவே இல்லை. நோயாளி மேல் பல மடங்கு கதிர்வீச்சு பாய்ந்தது. திரையில் வந்ததோ பொருள் விளங்காத ஒரு பிழை எண்.

நிறுவனத்தின் பொறியாளர்களால் அந்தப் பிழையை மறுபடி வரவழைத்துக் காட்ட முடியவில்லை. அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் இரண்டாவது நோயாளிக்கும் அதுவே நடந்தது. பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குபவரும் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துத்தான், தட்டும் வேகத்தில் இருக்கிறது விஷயம் என்று கண்டுபிடித்தார்கள். மெதுவாகத் தட்டும்வரை பிழை வராது. வேலை பழகிக் கை வேகமானதும் வரும். டைலரில் பாதிக்கப்பட்ட இருவருமே இறந்துபோனார்கள்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போன சம்பவத்திலும், கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளை முடக்கிப் போட்டது ஒரு ரேஸ்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையத்தில் 2007-லிருந்து ஒளிந்திருந்த ஒரு ரேஸ், 2016-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. டர்ட்டி கௌ என்று அதற்குப் பெயர். ஒன்பது வருடம் உலகமே அந்த நிரலை ஓட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பூட்டு

ஓட்டிப் பார்த்துப் பிடிக்க முடியாது என்றால் வேறு வழி என்ன? ஓட்டாமலேயே படித்துப் பார்ப்பது. மனிதர் படிப்பதல்ல, ஒரு நிரலை இன்னொரு நிரல் படிப்பது. இதற்குத்தான் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்று பெயர். ஓடும்போது என்ன நடந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று எழுத்திலிருந்தே கணிக்கும் கலை இது.

அது எதைப் பார்க்கிறது என்பதற்கு, பூட்டு என்ற ஏற்பாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் இருக்க, இரண்டு நிலையங்களுக்கு நடுவே டோக்கன் முறை உண்டு. அந்தப் பகுதிக்கான டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. நிரலிலும் அதேதான்: பூட்டைக் கையில் வாங்கிய திரெட் மட்டும் தகவலைத் தொடலாம், முடித்ததும் திருப்பித் தர வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் உள்ளே என்ற இந்தச் சிக்கலை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரே பக்கக் கட்டுரையில் வகுத்துத் தீர்த்தது 1965-இல்.

பூட்டு இருந்தால் போதுமா? பெரிய நிரலை ஒருவர் எழுதுவதில்லை. அரிசி வழங்கும் பகுதியை ஒருவர் எழுதுகிறார். தப்பாகப் பதிவானதை ரத்து செய்யும் பகுதியை ஆறு மாதம் கழித்து வேறொருவர் எழுதுகிறார். முதலாமவர் 'அட்டைப் பூட்டு' என்று ஒன்றை வைத்திருக்கிறார். இரண்டாமவர் அதைக் கவனிக்காமல் 'பில் பூட்டு' என்று ஒன்றைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறார். இருவருமே பூட்டித்தான் திறக்கிறார்கள். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே பொறுப்பான வேலை. ஆனால் இரண்டும் தொடுவது அதே மீதியை.

படிக்கும் கருவி இங்கே செய்வது எளிமையானது. மீதியைத் தொடும் ஒவ்வொரு வரியையும் தேடிப் பிடிக்கிறது. அந்த வரிக்கு வந்து சேரும்போது கையில் எந்தெந்தப் பூட்டு இருக்கும் என்று குறித்துக்கொள்கிறது. எல்லா வரிகளுக்கும் பொதுவாக ஒரு பூட்டாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. முதல் வரியில் அட்டைப் பூட்டு, இரண்டாவதில் பில் பூட்டு, பொதுவானது எதுவும் இல்லை. உடனே எச்சரிக்கை. 1997-இல் எரேசர் என்ற கருவி ஓடும் நிரலில் செய்துகாட்டிய இந்த யோசனையை, பின்னால் வந்தவர்கள் ஓட்டாமல் படிக்கும் கருவிகளுக்குள் கொண்டுவந்தார்கள். 2003-இல் வந்த ரேசர்எக்ஸ் லினக்ஸின் மையத்தையே படித்து ரேஸ்களைப் பிடித்தது.

இன்னொரு வகைச் சிக்கல் டெட்லாக். ஒரு திரெட் அட்டைப் பூட்டை எடுத்துக்கொண்டு பில் பூட்டுக்குக் காத்திருக்கிறது. இன்னொன்று பில் பூட்டை வைத்துக்கொண்டு அட்டைப் பூட்டுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது, திரை உறைந்து நிற்கும். இதைப் பிடிக்க, எந்தப் பூட்டு கையில் இருக்கும்போது எந்தப் பூட்டு கேட்கப்படுகிறது என்று நிரல் முழுவதும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனால் போதும். அம்புகள் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தால் ஆபத்து.

கேட்க இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அப்படியானால் எல்லா ரேஸையும், ஒன்றுவிடாமல், பொய் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் பிடிக்கும் கருவி ஏன் இன்னும் வரவில்லை?

முடியாது என்ற நிரூபணம்

இந்தக் கேள்விக்கு 2000-ஆவது ஆண்டில் முடிவான பதில் சொன்னவர் ஜி. ராமலிங்கம். அப்போது அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தவர், பின்னர் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் பணியாற்றினார். அவர் நிரூபித்தது இது. நிரலில் எந்தச் செயல்கூறு எங்கிருந்து அழைக்கப்பட்டு எங்கே திரும்புகிறது என்பதைத் துல்லியமாகப் பின்தொடர முடியும். திரெட்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து சந்திக்கும் இடங்களைத் துல்லியமாகப் பின்தொடரவும் முடியும். இரண்டையும் சேர்த்துத் துல்லியமாகப் பின்தொடரும் பொதுவான வழிமுறை இல்லை, இருக்கவும் முடியாது.

கணினிக்குத் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டு என்பது 1936-இல் ஆலன் டூரிங் காலத்திலிருந்தே தெரியும், இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். புதுசு இருக்கிறது. ஒரே திரெட் உள்ள நிரலில், நிபந்தனைகளை எல்லாம் கண்டுகொள்ளாமல், எந்தக் கிளையிலும் போகலாம் என்று ஒரு சலுகை கொடுத்துவிட்டால், ஓட்டம் ஒரு வரியை அடையுமா என்பது போன்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். திரெட்கள் இரண்டானால், அதே சலுகையைக் கொடுத்தாலும் விடை கிடைக்காது. இந்தத் துறையின் நெஞ்சிலேயே கை வைத்த தேற்றம் என்று இதைச் சொல்வேன். வேறு எதையாவது விட்டுக்கொடுக்காமல் இனி ஒரு அடியும் நகர முடியாது என்று அது சொன்னது. எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் அதற்குப் பிந்தைய ஆய்வுகளின் சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது.

ஒரு வழி, எழுதும் முறையைக் கட்டுப்படுத்துவது. கடைசியாக வாங்கிய பூட்டை முதலில் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரே ஒழுங்கை நிரல் கடைப்பிடித்தால், பூட்டுகளால் மட்டும் தொடர்புகொள்ளும் இரண்டு திரெட்கள் மோதுமா என்ற கேள்விக்கு விடை காண முடியும் என்று வினீத் கலோன், ஃபிரான்யோ இவான்சிச், ஆர்த்தி குப்தா மூவரும் 2005-இல் காட்டினார்கள். ஒழுங்கை மீறினால் மறுபடி முடியாத காரியமாகிவிடுகிறது. புரோகிராமர்கள் நல்ல பழக்கம் என்று மட்டும் நினைத்துச் செய்துவந்த ஒன்றில் இத்தனை கனம் இருந்தது.

இன்னொரு வழி, திரெட்களை ஒன்றாகவே பாவித்துவிடுவது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணியும் தாமஸ் பாலும் மைக்ரோசாஃப்டில் ஸ்லாம் என்ற கருவியை உருவாக்கினார்கள். விண்டோஸில் பிரின்டர், மௌஸ் போன்றவற்றை ஓட்டும் டிரைவர் நிரல்கள், பூட்டை இரண்டு முறை வாங்குவது, திருப்பித் தராமல் போவது போன்ற தவறுகளைச் செய்கின்றனவா என்று அது படித்துச் சொல்லும். ஆனால் அதற்கு ஒரு திரெட்தான் புரியும். 2004-இல் ஷாஸ் கதீரும் டிங்காவ் வூவும், பல திரெட்கள் கொண்ட நிரலை ஒற்றைத் திரெட் நிரலாக மாற்றி எழுதி ஸ்லாமிடம் கொடுத்தார்கள். எல்லாக் கலவைகளும் அதில் அடங்காது, சில வகைகள்தான் அடங்கும். அதிலேயே டிரைவர்களில் ரேஸ்கள் சிக்கின. திரெட்கள் மாறி மாறி ஓடும் தடவைகளுக்கு ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்புக்குள் எதையும் விடாமல் பார்க்கும் முறையை 2008-இல் அகாஷ் லாலும் தாமஸ் ரெப்ஸும் கொடுத்தார்கள். ரேஸ் பெரும்பாலும் ஓரிரண்டு மாற்றங்களிலேயே வெளிப்பட்டுவிடும் என்பது இதற்குக் கைகொடுத்தது.

மூன்றாவது வழிதான் இன்று கம்பெனிகளில் செல்லுபடியாவது: சிலதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, பொய் எச்சரிக்கை மட்டும் அதிகம் வரக் கூடாது. நூறு எச்சரிக்கையில் தொண்ணூறு பொய் என்றால் எந்தப் புரோகிராமரும் மீதிப் பத்தைப் படிக்க மாட்டார். ஃபேஸ்புக் 2017-இல் வெளியிட்ட ரேசர்டி இப்படிப்பட்டது. ஆண்ட்ராய்டு நியூஸ் ஃபீடைப் பல திரெட்களுக்கு மாற்றும் வேலையில் பிறந்த கருவி அது. புதிதாக எழுதும் ஒவ்வொரு துண்டையும் உடனே படித்துச் சொல்லிவிடும். பத்து மாதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிழைகள், மக்கள் கைக்குப் போகும் முன்பே திருத்தப்பட்டன. உபர் நிறுவனத்தில் மிலிந்த் சாபியும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த முரளி கிருஷ்ண ராமநாதனும் சுமார் 5 கோடி வரி கோ மொழி நிரல்களில் 2,000-க்கு மேற்பட்ட ரேஸ்களைக் கண்டதாக 2022-இல் எழுதினார்கள். அது ஓடும்போது கண்காணித்துப் பிடித்தது, ஆகவே ஓடிய பாதைகளில் இருந்தவை மட்டும்தான்.

நம் பக்கத்தில் நடந்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தீபக் டிசூசாவின் குழு செய்த வேலை. அவர்கள் எடுத்துக்கொண்டது ஃப்ரீஆர்டிஓஎஸ். ரிச்சர்ட் பாரி எழுதத் தொடங்கி, 2017-லிருந்து அமேசான் பராமரிக்கும் மிகச் சிறிய இயங்குதளம் அது. திரையோ விசைப்பலகையோ இல்லாத குட்டிக் கருவிகளுக்குள் இருப்பது. அங்கே பூட்டு மட்டுமே காவல் அல்ல. 'நான் முடிக்கும்வரை வேறு வேலைக்கு மாறாதே' என்று ஷெட்யூலரை நிறுத்தி வைக்கலாம். 'வெளியிலிருந்து யாரும் குறுக்கிடாதே' என்று இன்டரப்ட்களை அணைக்கலாம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. ஷெட்யூலரை நிறுத்தினால் மற்ற வேலைகள் உள்ளே வராது. இன்டரப்ட் வரும். ஒரு பட்டியலில் பாதி வழியில் நிற்கும்போது இன்டரப்ட் வந்து அதே பட்டியலைத் தொட்டால் எல்லாம் போயிற்று. பொதுவான பூட்டு இருக்கிறதா என்று தேடும் கருவிக்கு இந்த நுணுக்கம் புரியாது. எந்தத் துண்டின் நடுவே எது நுழைய முடியாது என்று கணக்கிடும் முறையை நிகிதா சோப்ரா, ரேகா பாய், தீபக் டிசூசா 2019-இல் வெளியிட்டார்கள். அத்தகைய இயங்குதளத்தின் மேல் எழுதப்படும் செயலிகளுக்கான முறை அடுத்த வருடம் ரிஷி துல்ஸ்யானோடு சேர்ந்து வந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் வி. கிருஷ்ண நந்திவாடா வேறொரு கேள்வியில் நிற்கிறார்: இந்த இரண்டு வரிகளும் ஒரே நேரத்தில் ஓட வாய்ப்பே உண்டா? இல்லை என்று காட்ட முடிந்தால் அந்த ஜோடியைப் பற்றிக் கவலையே வேண்டாம், பொய் எச்சரிக்கைகள் பல அங்கேயே ஒழியும். இந்தக் கேள்விக்கு மேம்பட்ட விடை ஒன்றை அரவிந்த் சங்கர், சோஹம் சக்ரவர்த்தி இருவரோடு 2016-இல் அவர் கொடுத்தார். இவற்றுக்கெல்லாம் அடியிலிருக்கும் கணிதமும் சென்னையில் வெகுநாளாக வளர்ந்ததுதான். தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் கமல் லோதயா, ஆர். ராமானுஜம், சிறுசேரியின் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் மாதவன் முகுந்த், நாராயண் குமார், இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக பி.எஸ். தியாகராஜன். ராமானுஜத்தைத் தமிழ் வாசகர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகத் தெரிந்திருக்கும். ஒருங்கே ஓடும் நிரல்களின் தர்க்கம் அவருடைய ஆய்வுத் துறை.

செட்டிக்கரையில்

தர்மபுரிக்குப் பக்கத்தில் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி 2013-லிருந்து இருக்கிறது. கம்பைநல்லூர்ப் பிள்ளை தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். நம் கல்லூரிகளில் பூட்டும் டெட்லாக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாளில் வருகின்றன. நிரலை ஓட்டாமல் படித்துத் தகவல் எங்கே பாய்கிறது என்று கணிக்கும் வித்தை கம்பைலர் தாளில் வருகிறது. இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. மாணவர், டெட்லாக்கை விளக்கும் ஐந்து தத்துவஞானிகள் சாப்பிடும் கதையை மனப்பாடமாக எழுதித் தேர்வாகிவிடுகிறார், வேலைக்குப் போய் அட்டைப் பூட்டுக்குப் பதில் பில் பூட்டைப் போடுகிறார். குற்றம் அவருடையதல்ல. இதைக் கருவியே படித்துச் சொல்லும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

காசு செலவில்லாத கருவிகள் இருக்கின்றன. க்ளாங் கம்பைலரில், 'இந்த மீதியை இந்தப் பூட்டுதான் காக்கிறது' என்று ஒரு குறிப்பை நிரலிலேயே எழுதிவிட்டால், பூட்டில்லாமல் அதைத் தொடும் எந்த வரியையும் கம்பைல் செய்யும்போதே காட்டிக்கொடுக்கும். ஜாவாவுக்கு ஸ்பாட்பக்ஸ். ஃபேஸ்புக்கின் இன்ஃபரை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ரஸ்ட் மொழியோ இன்னும் ஒரு படி மேலே: பாதுகாப்பில்லாமல் பகிரப்படும் தகவலைத் திரெட்கள் தொட்டால் வழக்கமான ரஸ்ட் நிரல் கம்பைலே ஆகாது. மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் ஒரே ஒரு செய்முறை வகுப்பு போதும்: ரேஸ் உள்ள நிரலைக் கொடுத்து, முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி, பிறகு கருவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அரசு வாங்கும் மென்பொருளுக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ரேஷன், மின்கட்டணம், மருத்துவமனைக் கருவி எதுவானாலும் டெண்டரில் ஒரு பக்கம் சேர்க்கலாம்: பல திரெட்கள் பகிர்ந்துகொள்ளும் தகவல்கள் எவை, ஒவ்வொன்றையும் காக்கும் பூட்டு எது, அதைச் சரிபார்த்த கருவி எது, அது கொடுத்த எச்சரிக்கைகளில் எவை திருத்தப்பட்டன, எவை என்ன காரணத்தால் விடப்பட்டன. எழுதிக் கொடுத்தவரும் வாங்கிய அதிகாரியும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இருப்புக் கணக்கு உதைக்கும் நாளில் விற்பனையாளர் காட்டுவதற்கு அந்தக் காகிதமாவது இருக்கும்.